பித்தளை ஏன் சேர்மம் இல்லை? மாற்று, பதம், டிகிரி வைத்து ஒரு விளக்கம்

ஒரு அம்மா கேட்ட கேள்வி இது: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் தனிமம், சேர்மம், கலவை மூன்றுக்கும் வரையறையை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறான். ஆனால் பரீட்சையில் பித்தளையைச் சேர்மம் என்றும், ஆக்சிஜன் வாயுவைச் சேர்மம் என்றும், பாலைத் தூய பொருள் என்றும் எழுதிவிட்டு வந்திருக்கிறான். எப்படிப் புரியவைப்பது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பையனைத் திட்டாதீர்கள். மூன்றுமே யோசித்துச் செய்த தப்புதான். அதிலும் முதல் இரண்டும் பெரிய பெரிய வேதியியலாளர்களே சறுக்கிய இடங்கள், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பத்து வருஷத்துக்கு மேலாக இந்தப் பாடத்தைச் சொல்லித்தருகிறேன். சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், பாடம் அணுவில் தொடங்குகிறது. ஒரே வகை அணுக்களால் ஆனது தனிமம், இரண்டோ அதற்கு மேலோ தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிமுறையில் இணைந்தது சேர்மம், எந்த விகிதத்திலும் சேர்ந்திருப்பது கலவை. எல்லாம் சரிதான். ஆனால் பையன் முன்னால் இருப்பது ஒரு பித்தளைச் சொம்பு. அதில் அணு எங்கே தெரிகிறது? எங்கே சுரண்டினாலும் ஒரே மஞ்சள், ஒரே பளபளப்பு. செம்பும் துத்தநாகமும் "சேர்ந்து" புதிதாக ஒன்று வந்திருக்கிறது, அப்படியானால் சேர்மம் என்று எழுதிவிடுகிறான். நம் பேச்சுமொழியும் அவனுக்கு உதவுவதில்லை. குழம்பில் உப்பைச் சேர்க்கிறோம், பாலில் தண்ணீரைக் கலக்கிறோம், இரண்டு வினையையும் நாம் ஒன்றாகவே புழங்குகிறோம். வேதியியலில் சேர்வது வேறு, கலப்பது வேறு.

அதனால் நான் வரையறையை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்வேன்: இந்தப் பொருளுக்கு மாற்று உண்டா?

நகைக்கடையில் சொல்லும் மாற்றுதான். பத்தரை மாற்றுத் தங்கம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், இப்போது கேரட் என்கிறோம். 22 கேரட் என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதனால்தான் நகையில் 916 என்று முத்திரை. 18 கேரட் என்றால் 750 பங்கு. மீதி செம்போ வெள்ளியோ வேறு உலோகமோ. இரண்டையும் தங்க நகை என்றுதான் சொல்கிறோம், இரண்டும் விற்கிறது. அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், பெயர் மாறாது என்றால் அது கலவை. பித்தளையும் இதே கதைதான். துத்தநாகம் 30 சதவீதம் இருந்தாலும் பித்தளை, 40 சதவீதம் இருந்தாலும் பித்தளை, குறைத்துக்கொண்டே போனால் நிறம் மெல்ல மெல்லச் செம்புப் பக்கம் சிவக்கும், அவ்வளவுதான். ஒரே சீராகத் தெரிவதால் ஒருபடித்தான கலவை என்று பெயர்.

இப்போது தண்ணீருக்கு இதே கேள்வியைக் கேளுங்கள். 22 கேரட் தண்ணீர், 18 கேரட் தண்ணீர் என்று உண்டா? கிடையாது. 9 கிராம் தண்ணீரை உடைத்தால் 1 கிராம் ஹைட்ரஜனும் 8 கிராம் ஆக்சிஜனும் வரும். மேட்டூர் அணைத் தண்ணீரைக் காய்ச்சி வடித்தாலும் சரி, இமயமலைப் பனியை உருக்கினாலும் சரி, ஆய்வகத்தில் ஹைட்ரஜனை எரித்துப் பிடித்தாலும் சரி, அதே 1-க்கு 8. கொஞ்சம் ஆக்சிஜனைக் கூடுதலாகத் திணித்து 'ஆக்சிஜன் அதிகமுள்ள தண்ணீர்' செய்ய முடியுமா? 1-க்கு 16 என்று ஆக்கினால் அது தண்ணீரே இல்லை, ஹைட்ரஜன் பெராக்சைடு, காயத்தில் ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அது. நடுவில், 1-க்கு 10 என்றோ 1-க்கு 12 என்றோ ஒரு தனிப் பொருள் இல்லை. அந்த விகிதம் வேண்டுமென்றால் தண்ணீரையும் பெராக்சைடையும் கலந்துதான் வைக்க முடியும், அது மறுபடி கலவை. சேர்மத்தில் விகிதம் படிக்கட்டு மாதிரி. கலவையில் சரிவு மாதிரி, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

பால் விஷயமும் இதிலேயே தீரும். பால் ஊற்றும் இடத்தில் கொழுப்பையும் மற்ற திடப்பொருளையும் அளந்துதானே விலை போடுகிறார்கள்? சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம். இரண்டும் பால். ஆகவே கலவை. 'சுத்தமான பால்' என்று நாம் சொல்லும்போது கலப்படம் இல்லாதது என்று அர்த்தம், வேதியியலில் 'தூய பொருள்' என்றால் உள்ளே ஒரே ஒரு பொருள் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். மாட்டிடம் கறந்து அப்படியே கொண்டுவந்த பாலிலும் தண்ணீர், கொழுப்பு, புரதம், லாக்டோஸ் சர்க்கரை, உப்புகள் எல்லாம் இருக்கின்றன. பையன் எழுதியது வீட்டு அர்த்தத்தில் சரி, பாடத்தில் தப்பு. இந்த இரண்டு அர்த்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை சொல்லிவிட்டாலே போதும், பிறகு குழம்ப மாட்டான்.

இதைவிட நல்ல பாடம் உங்கள் அடுப்பில் இருக்கிறது. பாகு காய்ச்சும்போது அவனைப் பக்கத்தில் நிறுத்துங்கள். வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கடலோர ஊர்களில் 100 டிகிரி, ஊட்டியில் 93-ஐ ஒட்டி, எதுவானாலும் கொதிக்க ஆரம்பித்த பிறகு பாத்திரம் வற்றும்வரை வெப்பமானி அங்கேயே நிற்கும். தீயைக் கூட்டினால் சீக்கிரம் ஆவியாகும், வெப்பநிலை ஏறாது. சர்க்கரைப் பாகு அப்படி இல்லை. கொதிக்கக் கொதிக்க வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்தால் கம்பி மாதிரி நூல் நிற்கிறதே, அப்போது 105 டிகிரியை ஒட்டி இருக்கும். தண்ணீரில் ஒரு துளி விட்டு உருட்டினால் உருண்டையாக நிற்கும் பதத்தில் 115 அளவில் இருக்கும். முறுகும் பதத்துக்கு 145-ஐத் தாண்ட வேண்டும். ஏன் ஏறுகிறது? தண்ணீர் ஆவியாகிப் போகிறது, சர்க்கரையின் பங்கு கூடுகிறது, ஒவ்வொரு நிமிஷமும் பாத்திரத்தில் இருப்பது வேறு வேறு கலவை. பதம் என்ற சொல்லே அங்கேதான் பிறக்கிறது. தண்ணீருக்குக் கம்பிப் பதம் கிடையாது, ஏனென்றால் அது எவ்வளவு வற்றினாலும் மிஞ்சியிருப்பது அதே தண்ணீர். தூய பொருளுக்குக் குறிப்பிட்ட கொதிநிலை உண்டு, கலவைக்கு இல்லை என்று புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த வரியை நம் பாட்டிமார் வெப்பமானி இல்லாமல் விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும், மேல் வகுப்பில் வரும். எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்த கலவையில் எடைப்படி எத்தனால் 95.6 சதவீதம் ஆகிவிட்டால் அது 78.2 டிகிரியில் தூய பொருள் மாதிரியே மாறாமல் கொதிக்கும். அதனால் கொதிநிலை நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதற்கு மேல் ஒன்பதாம் வகுப்புக்கு வேண்டாம்.

சரி, கலவையில் அதனதன் குணம் அப்படியே இருக்கும், சேர்மத்தில் பழைய குணம் போய்ப் புதுக் குணம் வரும் என்பதை எப்படிக் காட்டுவது? இதற்கு இரும்புத்தூளும் கந்தகமும்தான், அதைவிட நல்ல சோதனை இதுவரை நான் பார்த்ததில்லை. 7 கிராம் இரும்புத்தூள், 4 கிராம் கந்தகத்தூள் (இந்தக் கணக்குக்குக் காரணம், இரும்பின் அணுநிறை 56, கந்தகத்துக்கு 32, சுருக்கினால் 7-க்கு 4). உரலில் நன்றாகக் கலந்தால் அழுக்கு மஞ்சளாக ஒரு பொடி. காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினால் இரும்புத் துகள்கள் முள்ளாக எழுந்து நகரும், மஞ்சள் பொடி அங்கேயே கிடக்கும். இதுவரை கலவை.

அதையே சோதனைக் குழாயில் போட்டு அடியில் சூடு காட்டுங்கள். அடிப்பக்கம் செக்கச் சிவந்ததும் அடுப்பை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் அந்தச் செந்தணல் தானாகவே மேலே ஏறிக்கொண்டு போகும், அந்த இடத்தில் வகுப்பில் சத்தமே இருக்காது. கொடுத்த சூட்டைவிட அதிகச் சூட்டை அந்தப் பொருளே வெளியிடுகிறது, உள்ளே புதுப் பிணைப்பு உண்டாகிறது என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் சாட்சி அதுதான். ஆறியதும் துணியில் சுற்றிக் குழாயை உடைத்தால் கருஞ்சாம்பல் கட்டி. மஞ்சள் இல்லை. பழையபடி காந்தம் இரும்பைத் தனியாக உருவி எடுக்காது. அமிலத்தில் வித்தியாசம் இன்னும் தெளிவு: கலவையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் மணமில்லாத ஹைட்ரஜன் வரும், கட்டியில் விட்டால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது விஷவாயு, பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது, காற்றோட்டமான இடத்தில், துளி அளவில்தான் செய்ய வேண்டும், வீட்டில் கூடவே கூடாது.

புத்தகம் சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். பல தடவை அந்தக் கட்டியைக் காந்தம் லேசாக இழுக்கும். பிள்ளைகள் "சார், இழுக்குதே" என்பார்கள். வினை முழுதாக நடக்காமல் இரும்பு கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதாவது நம் கையில் இருப்பது சுத்தமான இரும்பு சல்ஃபைடு இல்லை, இரும்பு சல்ஃபைடும் இரும்பும் சேர்ந்த கலவை. இதை மறைத்து 'காந்தம் இழுக்காது' என்று மட்டும் எழுத வைத்தால் பையன் தன் கண்ணை நம்பாமல் புத்தகத்தை நம்பக் கற்றுக்கொள்கிறான். அது எனக்குப் பிடிக்காது.

அடுத்து ஆக்சிஜன். 'ஓ-டூ' என்று எழுதுகிறோம், இரண்டு அணு சேர்ந்திருக்கிறது, அதனால் சேர்மம் என்கிறான். இங்கே மூலக்கூறு வேறு, சேர்மம் வேறு என்ற ஒரு புள்ளிதான் விட்டுப்போயிருக்கிறது. எத்தனை அணு என்று எண்ணக் கூடாது, எத்தனை வகை அணு என்று எண்ண வேண்டும். ஆக்சிஜனில் இரண்டு, ஓசோனில் மூன்று, சாதாரண கந்தகத்தில் எட்டு அணுக்கள் வளையமாக, வைரத்தில் கணக்கே இல்லாமல் கோடானுகோடி கார்பன். எல்லாம் தனிமம்தான். நான் பொட்டு வைத்துக் காட்டுவேன். சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை இரண்டிரண்டாக ஒட்டினால் ஆக்சிஜன், ஒரு சிவப்போடு இரண்டு வெள்ளை என்றால் தண்ணீர், காகிதத்தின் ஒரு பாதியில் சிவப்பு ஜோடிகளும் வெள்ளை ஜோடிகளும் ஒட்டாமல் சிதறிக் கிடந்தால் அது கலவை. ஐந்து நிமிஷ வேலை. பரீட்சையில் வரும் துகள் படக் கேள்விகளுக்கும் இதுவே பயிற்சி.

இனி அந்தக் கதை. பித்தளையைச் சேர்மம் என்று எழுதிய உங்கள் பையனுக்கு 1800 வாக்கில் ஒரு பெரிய துணை இருந்தார். கிளோத் லூயி பெர்த்தோலே, பிரான்சின் முன்னணி வேதியியலாளர். நெப்போலியனோடு 1798-இல் எகிப்துக்குப் போனவர். அங்கே சோடா படியும் ஏரிகளைப் பார்த்து, வேதிவினை என்பது எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்று யோசிக்கத் தொடங்கினார். அந்த யோசனை அருமையானது, பின்னால் பெரிதாக வளர்ந்தது. ஆனால் அவர் அதிலிருந்து இன்னொரு படி தாண்டி, சேர்மத்தின் விகிதமும் நிலையானது இல்லை, செய்யும் முறையைப் பொறுத்து மாறலாம் என்றார். ஆதாரமாக எதைக் காட்டினார் தெரியுமா? உலோகக்கலவைகளை, கண்ணாடியை, கரைசல்களை! ஸ்பெயினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஜோசப் ப்ரூஸ்ட் இதை மறுத்தார். மண்ணிலிருந்து தோண்டி எடுத்த தாமிரக் கார்பனேட்டையும் ஆய்வகத்தில் தயாரித்த தாமிரக் கார்பனேட்டையும் பகுத்துப் பார்த்து, இரண்டிலும் விகிதம் ஒன்றே என்று 1799-இல் எழுதினார். நீங்கள் சேர்மம் என்று காட்டுவதெல்லாம் கலவைகள் என்பதுதான் அவர் பதிலின் சாரம். பல வருஷம் நடந்த விவாதம், இருவரும் மரியாதை குறையாமல் நடத்தினார்கள். மாறா விகித விதி என்று பையன் படிப்பது அந்த விவாதத்தில் தேறி நின்ற விதி. ஒருபடித்தான கலவைக்கும் சேர்மத்துக்கும் நடுவே கோடு போடுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. பெர்த்தோலே சொன்னது முழுத் தப்பும் இல்லை: இரும்பு ஆக்சைடில் ஒரு வகையில் இரும்பு எப்போதும் கணக்குக்குச் சற்றுக் குறைவாகவே, ஒரு ஆக்சிஜனுக்கு 0.95 என்ற அளவில் இருக்கிறது. அந்த மாதிரிச் சேர்மங்களுக்குப் பிற்காலத்தில் பெர்த்தோலைடு என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

ஓ-டூ சிக்கலும் அப்படியே. ஒரே வகை அணுக்கள் ஒன்றோடொன்று இணையும் என்பதை அணுக்கொள்கை தந்த ஜான் டால்ட்டனே ஏற்கவில்லை. இணையும் என்று இத்தாலிய அறிவியலாளர் அவகாட்ரோ 1811-இல் சொன்னார், 1860-இல் ஜெர்மனியில் நடந்த கார்ல்ஸ்ரூ வேதியியல் மாநாட்டுக்கு இன்னொரு இத்தாலியரான கன்னிசாரோ அதை எடுத்துக்கொண்டு போகும்வரை பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை.

இன்னொரு குழப்பம் எல்லாப் பிள்ளைகளுக்கும் வரும். புத்தகத்தில் உப்பு சேர்மம், தண்ணீர் சேர்மம். வீட்டில் இருக்கும் உப்பும் தண்ணீரும்? குழாய்த் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கினால் ஒரு ஊரில் 150 காட்டும், இன்னொரு ஊர் ஆழ்துளைக் கிணற்றில் 1500 காட்டும். மாறும் எண் வந்துவிட்டதா, அப்போது கலவை. தண்ணீர் என்ற சேர்மத்தில் பல உப்புகள் கரைந்த கரைசல் அது, கெட்டில் அடியில் வெள்ளையாகப் படிவது அந்த உப்புகள்தான்.

உப்பு இன்னும் சுவாரசியம். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துக்குப் போனால் உப்புநீரின் அடர்த்தியை மிதவைமானி விட்டு டிகிரியில் சொல்வார்கள் (இது வெப்பநிலை டிகிரி இல்லை). கடல் தண்ணீர் 3 டிகிரி அளவில் வரும், பாத்தி பாத்தியாக வெயிலில் வற்ற வற்ற ஏறும், முதலில் சுண்ணாம்புப் படிவும் ஜிப்சமும் விழுந்துவிடும், 25 டிகிரியை ஒட்டி வந்தால்தான் சோறில் போடும் உப்பு விளையத் தொடங்கும். அதற்கு மேல் ரொம்ப வற்ற விட்டால் கசப்பான மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து விழும், அதனால் மிஞ்சிய கசப்புநீரை வடித்துவிடுவார்கள். கடல் என்ற ஒரு கலவை, வெறும் வெயிலில், வரிசையாகத் தன் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் கீழே வைக்கிறது. ஆனால் எவ்வளவு வெயில் அடித்தாலும் பாத்தியில் சோடியம் உலோகமும் குளோரின் வாயுவும் பிரிந்து வராது. அந்தப் பிரிவுக்கு உப்பை உருக்கி மின்சாரம் பாய்ச்ச வேண்டும். கலவையைப் பிரிப்பதற்கும் சேர்மத்தை உடைப்பதற்கும் உள்ள தூரம் அவ்வளவு.

மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் ஊறி நிற்குமே, அதையும் காட்டுங்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசியும். மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே இழுக்க ஆரம்பித்துவிடும். முழுதாக வடியாமல் உப்போடு ஒட்டிவந்த அந்தக் கொஞ்சம் கசப்புநீர்தான் ஜாடியை நனைக்கிறது. ஜாடியில் இருப்பது கலவை, அதில் பெரும்பங்கு சோடியம் குளோரைடு என்ற சேர்மம். 'உப்பு சேர்மமா கலவையா' என்று பரீட்சையில் கேட்டால் சேர்மம் என்றே எழுத வேண்டும், கேள்வி கேட்பவர் மனதில் இருப்பது அந்தப் பொருள்.

கடைசியாக, தனிமத்தையும் சேர்மத்தையும் பிரிப்பது. இதற்கு அடுப்படிச் சோதனை கிடையாது, 'மாற்று உண்டா' என்ற கேள்வியும் உதவாது, இரண்டுமே தூய பொருள். ஒன்றை உடைக்க முடிகிறதா என்பதே கேள்வி, உடைக்க முடியாததற்கு நம் கையில் கருவி இல்லாததும் காரணமாக இருக்கலாம். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு எதிலிருந்து வருகிறதோ அந்தச் சுட்ட சுண்ணாம்பை பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1789-இல் தன் தனிமப் பட்டியலில் வைத்தார். எவ்வளவு சுட்டாலும் அதற்கு மேல் அது உடையவில்லை. இது ஒரு உலோகத்தின் ஆக்சைடாக இருக்கலாம் என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. 1808-இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சி அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்துக் காட்டினார். அன்றோடு சுண்ணாம்பு பட்டியலிலிருந்து இறங்கியது. இன்று பட்டியல் 118-இல் நிற்கிறது. பெயர் அந்த அட்டவணையில் இருந்தால் தனிமம், இல்லாத தூய பொருள் சேர்மம். இந்தப் பாடத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றுதான், அதுவும் 118-உம் வேண்டாம், முதல் 20-உம் அடிக்கடி வரும் இரும்பு, செம்பு, துத்தநாகம், வெள்ளி, தங்கம், வெள்ளீயம், ஈயம், பாதரசம், அயோடின், புரோமின் இவையும் தெரிந்தால் போதும்.

பரீட்சைக்கு ஒரு யோசனை. ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். பித்தளைக்கு "துத்தநாகத்தின் அளவை மாற்றலாம், ஆகவே கலவை". ஓசோனுக்கு "ஒரே வகை அணு, ஆகவே தனிமம்". அடுத்த வாரம் வெண்கலம், சர்க்கரை, பாதரசம், வினிகர், உலர்பனி இந்த ஐந்தையும் கொடுத்துப் பாருங்கள். அதில் உலர்பனியில்தான் தடுமாறுவான், அது உறைந்த கார்பன் டைஆக்சைடு என்று மட்டும் சொல்லிவிட்டு மீதியை அவனிடமே விடுங்கள்.